வலைக்குக்கூட ஒரு ‘பாடு’ உண்டு!

ராத்திரி ஒன்றரை மணி. வீடே தூங்குகிறது. ஒரு அறையில் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளிச்சம். உள்ளே உங்கள் மகனோ, மருமகனோ, சில வீடுகளில் மகளோ, லேப்டாப் முன்னால் குந்திக்கொண்டிருப்பார். “இன்னும் தூங்கலையா?” என்று கேட்டால், “அஞ்சே நிமிஷம்மா...” என்று பதில் வரும். அந்த அஞ்சு நிமிஷம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. காலையில் எட்டரைக்குக் கண் சிவந்து, முகம் வீங்கி எழுந்து வந்து காப்பி கேட்கும்போதுதான் நாமே பார்க்கிறோம்.

கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது இன்னொரு ரகம். யாரிடமும் வேலை பார்க்காமல், வீட்டிலேயே தனி ஆளாக உட்கார்ந்து செல்போன் செயலிகளை, பிள்ளைகள் ‘ஆப்’ என்கிறார்களே அதை, உருவாக்கி விற்கிறவர்கள். கடந்த சில வருஷங்களாக இவர்கள் என்னிடம் அதிகமாக வருகிறார்கள். கழுத்து வலி, மணிக்கட்டு வலி, கண் எரிச்சல், மலச்சிக்கல், தூக்கமின்மை. முப்பது வயசிலேயே பி.பி.!

இந்தத் தொழிலின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் நோயின் மூலம் புரியும். ஆண்ட்ராய்டு போனுக்கான ஆப்பைக் கடையில் வைக்க கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர். விற்றுவரும் பணத்தில் சிறிய ஆட்களிடம் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு 15 சதவீதம். ஆக, முதலீடு என்று பார்த்தால் ஒரு பெட்டிக்கடைக்குக்கூட இதைவிட அதிகம் வேண்டும். ஆனால் பெட்டிக்கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் பலகையை அடுக்கிப் பூட்டிவிட்டுப் போகலாம். இந்தக் கடைக்குக் கதவே கிடையாது. துபாயில் இருக்கிறவர் பயன்படுத்துவார், கனடாவில் இருக்கிறவர் பயன்படுத்துவார். ஏதாவது கோளாறு என்றால் அர்த்த ராத்திரியில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, ‘வேஸ்ட்’ என்று எழுதிவிட்டுப் போவார். அதைப் பார்த்துவிட்டுத் தூங்க முடியுமா? தனக்குத்தானே முதலாளி, தனக்குத்தானே கூலியாள். இரக்கமில்லாத முதலாளி என்று சங்கம் வைத்துக் கொடிபிடிக்கவும் வழியில்லை.

குப்பத்திலிருந்து வந்த பையன்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி அங்கேதான் இருக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கரையெங்கும் மீனவக் குப்பங்கள். ஒரு பக்கம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், எதிரே ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று இவர்களுக்குத் தகவல் வந்துவிடும். விண்வெளிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், முகத்துவாரம் மணலால் மூடிக்கொண்டால் அன்றைய பிழைப்பு போச்சு. அப்படியொரு ஊர்.

அங்கிருந்து வந்தார் ஒரு 31 வயது இளைஞர், அப்பா அம்மாவோடு. அவரை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். என்ஜினீயரிங் படித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தவர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது குப்பத்துக்குத் திரும்பியவர், திரும்பிப் போகவே இல்லை. சொந்தமாக ஆப் செய்கிறார். ஏலத்தில் இறால் எடுத்து விற்கிற பெண்களின் கடன், வரவு, பாக்கியை எழுதி வைக்க ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருவது ஒன்று. மூன்றாவது பாதியில் நிற்கிறது.

அம்மாதான் முதலில் பேசினார். “ராவெல்லாம் அந்தப் பொட்டிய பாத்துக்கினே குந்திக்கினு கீறான் ஐயா. கேட்டா வேலைன்றான். யார்கிட்ட வேலைன்னா, ‘எங்கிட்டதான்’றான். சம்பளம் யார் குடுக்கறாங்கன்னா அதுக்கும் சிரிக்கிறான்!”

பையன் கையில் ஒரு நோட்டு. ‘டாக்டரிடம் கேட்க வேண்டியவை’ எழுதி வைத்திருந்தார். படித்த பிள்ளைகளின் நல்ல பழக்கம் அது. புரட்டியபோது வேறு பக்கங்களும் கண்ணில் பட்டன. வருஷத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் ரூல் போட்டு மூன்று கட்டங்கள்: வேலை, உடம்பு, சொந்தம். வேலைக் கட்டத்தில் முக்கால்வாசிக்கு டிக் அடித்திருந்தது. உடம்புக் கட்டத்தில் ‘6 கிலோ குறைக்கணும்’, ‘11 மணிக்குத் தூங்கணும்’, ‘தினம் நடை’. அடுத்த வருஷமும் அதே மூன்று வரி. அதற்கடுத்த வருஷமும் அதே, எடை மட்டும் 6 என்பது 9 ஆகியிருந்தது. சொந்தம் என்ற கட்டத்தில் ‘தங்கச்சி கோச்சிங் ஃபீஸ்’, ‘ஒரு நாள் அப்பாவோட படகில் போகணும்’. பாவம், எதிலும் டிக் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். ஜனவரி முதல் தேதி எழுதிய தீர்மானங்கள் யாரிடம்தான் இல்லை? ஏன் ஒரு கட்டம் மட்டும் நிறைகிறது, மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன? ‘மனக்கட்டுப்பாடு இல்லை, சோம்பேறி’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ராத்திரி மூன்று மணி வரை உழைக்கிறவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

இதற்குப் பதில் அப்பாவிடமிருந்து கிடைத்தது. அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான்: “எங்களுக்குப் பாடு இல்லாத நாள்ல வலை காயும் ஐயா. இவனுக்கு என்னிக்குமே பாடுதான்.”

‘பாடு’ என்றால் என்ன?

‘என் பாடு பெரும்பாடு’ என்கிறோமே, அந்தப் பாடு இல்லை. பழவேற்காட்டில் அதற்குத் தனி அர்த்தம். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் குறைவு. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலையைக் கட்டினால் சண்டைதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள், அந்த இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று ஒரு ஊருக்கு, நாளை இன்னொரு ஊருக்கு. ஊருக்குள்ளும் ஆள் ஆளுக்கு இடம் மாறிமாறி வரும். இந்த முறைதான் பாடு. காலங்காலமாக இருக்கிற ஏற்பாடு. மீன்வளத்தை ஆராய்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து இதைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதை ரொம்பவும் தூக்கிவைத்துப் பேச வேண்டியதில்லை. பாட்டில் இடம் இல்லாத ஜனங்கள் அங்கே நிறைய. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்தால் மனசு கனக்கும். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகம் தேய்ந்து... அவர்கள் உடம்பைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஆனாலும் பாட்டில் ஒரு வைத்திய சூட்சுமம் இருக்கிறது. அப்பாவிடம் விவரம் கேட்டேன். “உங்க முறை இல்லாத நாள்ல இறால் துள்ளிக்கிட்டு இருந்தால்கூட இறங்க மாட்டீங்களா? ஆசை வராதா?”

“ஆசை வராம என்னா ஐயா? ஆனா அடுத்தவன் வலையத் தூக்கிக்கினு நின்னுக்கினு இருப்பானே! அவன் பாட்டுல நாம எப்பிடி எறங்கறது?”

பாருங்கள். அவரை நிறுத்துவது அவருடைய மனக்கட்டுப்பாடு இல்லை. எதிரே ஒரு ஆள் காத்துக்கொண்டு நிற்கிறார், அதனால் நிற்கிறார். கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. காற்று நிறுத்தும், முகத்துவாரம் நிறுத்தும், விசைப்படகுகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அரசாங்கமே நிறுத்தும். தனி ஆளாக ஆப் செய்கிற பிள்ளையை நிறுத்த என்ன இருக்கிறது? லேப்டாப் பேட்டரியைத் தவிர ஒன்றும் இல்லை!

அந்த நோட்டுப் புத்தகத்தின் ரகசியமும் இதுதான். வேலைக் கட்டத்துக்கு எதிரே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஆப்பை இறக்கிக்கொண்டவர்கள், பணம் கட்டியவர்கள், நட்சத்திரம் போடுகிறவர்கள். கூகுளில் தனி ஆளாகப் புதுக் கணக்குத் தொடங்கினால், கடையில் வைப்பதற்கு முன் ஆட்களை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும் என்று 2023 நவம்பரில் ஒரு விதி வந்தது. முதலில் 20 பேர் என்றார்கள், பிறகு 12 ஆகக் குறைத்தார்கள். நம் பையனின் வாய்ப்பாட்டு ஆப்பை 12 பேர் விடாமல் சோதித்தார்கள், குப்பத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள்தான். அந்தக் கட்டம் நிறையாமல் என்ன செய்யும்? ‘தினம் நடை’ என்ற வரிக்கு எதிரே யார் காத்திருந்தார்கள்? ஒருவரும் இல்லை.

ஹனோய் இளைஞரின் கதை

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. வியட்நாமில் ஹனோய் நகரத்தில் டாங் குயென் என்று ஒரு இளைஞர். பகலில் ஒரு வேலை. அப்பா அம்மாவோடுதான் இருந்தார். லீவு நாட்களில் தனியாக உட்கார்ந்து, இரண்டு மூன்று நாளில் ஒரு சின்ன விளையாட்டு ஆப் செய்தார். ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்று பெயர். ஒரு குருவி குழாய்களுக்கு நடுவே பறக்க வேண்டும், அவ்வளவுதான். 2013 மே மாதம் வெளியிட்டார். மாதக்கணக்கில் சீந்துவாரில்லை. 2014 ஜனவரியில் திடீரென்று உலகம் பூராவும் முதலிடம். விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருகிறது என்று பத்திரிகைகள் எழுதின.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அவர் 2014 பிப்ரவரியில், ‘இனி என்னால் தாங்க முடியாது’ என்று அறிவித்து, விளையாட்டையே கடையிலிருந்து எடுத்துவிட்டார்! நிருபர்கள் வீட்டைச் சூழ்ந்துவிட்டார்கள், உலகத்தின் எங்கெங்கோ இருந்து திட்டுகள் வந்தன, ஜனங்கள் இதற்கு அடிமையாகிறார்கள் என்ற குற்ற உணர்ச்சி வேறு. தூக்கம் போய்விட்டது என்று பிறகு பேட்டிகளில் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்டில் வேறு ஒரு விளையாட்டை வெளியிட்டார், அதனால் தொழிலை வெறுத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: வண்டிக்குப் பிரேக் இல்லை, இறங்க வேண்டுமானால் குதித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை. குதித்தார். அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது. எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. பெரும்பாலோர் உடம்பு தானாகப் படுக்கிற வரை ஓட்டுகிறார்கள்.

படுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைக்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். நம் பையனிடம் கணக்குப் போடச் சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “எண்பது வரும் சார்” என்றார். அன்று பி.பி. 150க்கு 96. ஒரு நாள் அளவை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதால், ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி வரச் சொன்னேன். குறையவில்லை.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் ‘வேகங்கள்’ என்று 14 சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள். வாயு பிரிதல், தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை வலிந்து அடக்கக்கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பாடம். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது, இத்தனையையும் வேலை மெனக்கெட்டு யார் அடக்கப் போகிறார்கள் என்று எங்கள் வகுப்பில் சிரித்ததுண்டு. இப்போது தெரிகிறது யாரென்று!

‘இந்த ஒரு கோளாறை முடிச்சிட்டுப் போறேன்’ என்று சிறுநீரை அடக்குகிறார்கள். கை வேலையாக இருப்பதால் தண்ணீர் குடிப்பதில்லை. ஒன்றரைக்கு எடுத்த பசியைக் காப்பி ஊற்றி அணைத்துவிட்டு நாலு மணிக்குச் சாப்பிடுகிறார்கள். கொட்டாவி வந்தால் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, பேச்சில் தெளிவின்மை வரும் என்பது நூல்களில் உள்ள குறி. பசியையும் தாகத்தையும் அடக்கினால் இளைப்பு, முகவாட்டம், மூட்டு நோவு. இன்றைய மொழியில் சொன்னால், வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு ஏறுகிறது. பிறகு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மிக்ஸர் பாக்கெட்டைப் பிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ராத்திரி விழிப்பும், அதை ஈடுகட்டுகிற பகல் தூக்கமும் சேர்ந்தால் வாதமும் பித்தமும் ஒருசேரக் கெடும் என்பது எங்கள் கணக்கு. சிலர், “மீனவர்களும்தான் ராத்திரி கண் விழிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கலாம். அவர்களுக்கும் ஆகத்தான் செய்கிறது. ஆனால் அவர்கள் கை கால் அசைகிறது, கண் தூரத்தைப் பார்க்கிறது, கூட நாலு பேர் இருக்கிறார்கள்.

கண் என்றதும் ஒரு விஷயம். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் வறட்சி, எரிச்சல், மாலையில் மங்கல். 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளியிருக்கிற எதையாவது 20 விநாடி பார்ப்பது நல்லது. ஜன்னல் வழியாக எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலும் சரிதான். நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் என்று எதையும் வீட்டில் நீங்களாகக் கண்ணில் விடாதீர்கள். பழைய வைத்தியம் என்ற பெயரில் கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டில் என்ன செய்தோம்?

மருந்து எழுதுவதற்கு முன்னால் பாடு வைத்தோம். யோசனை அப்பாவுடையது, நான் ஆமோதித்ததோடு சரி.

வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். தங்கை டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறாள். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரை லேப்டாப் அவள் பாடு. பழைய வினாத்தாள், வீடியோ வகுப்பு எல்லாம் அந்த நேரத்தில். ஒன்பதுக்கு அவள் நோட்டும் கையுமாக வந்து நின்றுவிடுவாள். அண்ணன் எழுந்துதான் ஆக வேண்டும். பத்தரைக்குப் பெட்டி அம்மாவின் பீரோவுக்குள் போய்விடும். செல்போனும் கூடத்தான். ஆப்பில் கோளாறு என்று அமெரிக்காவிலிருந்து யாராவது எழுதினால், காலை ஆறு மணிக்குப் பதில். அதையே ஆப்பின் முதல் பக்கத்தில் எழுதிப் போட்டுவிடச் சொன்னேன்.

நடைக்கு ஆள் வேண்டுமே? விடியற்காலையில் அப்பா கரைக்குப் போய் வலை பார்ப்பார். பையன் வரும் வரை படகு எடுக்காமல் அங்கேயே நிற்பதாகச் சொல்லிவிட்டார். சொன்னபடி நின்றார். முதல் வாரம் இரண்டு நாள் நேரமாகிப் போய், கூட வருகிற ஆட்களின் முணுமுணுப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வாரத்திலிருந்து பையன் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கரையில் மடவை மீன் அருமையாகக் கிடைக்கும். குழம்பு வைத்துச் சாப்பிடச் சொன்னேன், வறுவல் வாரத்துக்கு ஒரு நாள். கருவாட்டைத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பி.பி. உள்ளவர்களுக்குக் கருவாடும், ஊறுகாயும், அப்பளமும் உப்பு மூட்டைகள். “கருவாடு இல்லாம என்னா சோறு?” என்று அம்மாவுக்குத்தான் கோபம். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள், எல்லோரும் சேர்ந்து. காப்பி மதியம் இரண்டு மணியோடு சரி. பிறகு சீரகத் தண்ணீர் அல்லது நீர்மோர், மோரிலும் உப்பு இல்லாமல். புதனும் சனியும் நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியல். அன்று பகலில் தூங்கக்கூடாது, ராத்திரி தூக்கம் தானாகக் கண்ணைச் சொருகும். சைனஸ், சளித் தொந்தரவு உள்ளவர்கள் எண்ணெய்க் குளியலை வைத்தியரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

பி.பி. இறங்காததால் பொது மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். ரத்தம், சிறுநீரகம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்து மாத்திரை ஆரம்பித்தார். அதை நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ‘சித்த மருந்து எடுக்கிறேன்’ என்று பி.பி. மாத்திரையைத் தாங்களாக நிறுத்துகிறவர்கள் எங்கள் மருத்துவத்துக்கு நல்லது செய்யவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தபோது எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. பி.பி. மாத்திரையோடு 130க்கு 84. மூன்றாவது ஆப் இன்னும் பாதியில்தான். இரண்டு ஒற்றை நட்சத்திரம் கூடுதலாக விழுந்ததாகச் சொல்லி வருத்தப்பட்டார். அம்மா மட்டும், “இப்பதான் ஐயா ஒண்ணா குந்தி சாப்பிடறோம்” என்றார். நோட்டில் ‘அப்பாவோட படகில் ஒரு நாள்’ என்ற வரி அப்படியேதான் இருக்கிறது. விடியற்காலையில் கரை வரை போகிறவருக்கு, இன்னும் நாலு அடி வைத்துப் படகில் ஏற என்ன தடை என்று கேட்டேன். “தண்ணின்னா பயம் சார்” என்றார். மீனவர் வீட்டுப் பிள்ளை! நான் சிரிக்கவில்லை.

அமுக்கரா வாங்கலாமா?

இந்தக் கேள்வி எப்படியும் வரும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தூக்கமின்மைக்கும் மன அலுப்புக்கும் அமுக்கராச் சூரணம் நல்ல மருந்துதான். ஆனால் இப்போது அது கலர் கலர் டப்பாக்களில், ஆன்லைனில், யார் வேண்டுமானாலும் வாங்கிச் சாப்பிடும் சரக்காகிவிட்டது. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகச் செய்திகள் உண்டு. தைராய்டு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் நாடி பார்த்து, அளவு சொல்லி, நாள் கணக்குச் சொல்லி வைத்தியர் கொடுத்தால்தான். ஒன்பது மணிக்குப் பெட்டியை மூடாமல், பத்து மணிக்குச் சூரணம் சாப்பிட்டுவிட்டு மறுபடி திரை முன்னால் உட்காருகிறவருக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது.

கழுத்து, தோள் இறுக்கத்துக்கு உளுந்துத் தைலம் இளஞ்சூட்டில் தேய்த்து ஒத்தடம் கொடுக்கலாம். தொக்கணம் என்று ஒன்பது வகைப் பிடிப்பு முறைகள் எங்களிடம் உண்டு. அதைப் படித்தவரிடம் செய்துகொள்ளுங்கள். முடிவெட்டிவிட்டுக் கழுத்தைப் ‘படக்’கென்று திருப்பிச் சொடுக்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மணிக்கட்டில் மட்டும் அலட்சியம் கூடாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி, இவை மட்டும் மரத்துப்போய், சுண்டு விரல் நன்றாக இருக்கிறதா? ராத்திரியில் மரத்துப்போய் விழித்துக் கையை உதறுகிறார்களா? மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். தைலம் போட்டே காலம் கடத்தினால் கட்டை விரலின் அடிச்சதை வற்றிப்போய்ப் பிடிமானமே குறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பு அல்லது எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவுகிற வலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று வந்தாலும் வயசு முப்பதுதானே என்று நினைக்காதீர்கள். கஷாயமும் வேண்டாம், என்னைப் போன்றவர்களைத் தேடிக்கொண்டும் இருக்க வேண்டாம். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.